அவர் எங்கேயும் விழவில்லை

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு வழக்கம்போல் காதர் பாய்க்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. முந்தின நாள் எங்களுக்குள் ஒரு சண்டை. மின்தடை அறிவிப்பைப் படித்துச் சொன்னபோது இரண்டு தெருப் பெயர்களை நான் விட்டுவிட்டேன் என்று அவர் சொல்ல, எழுத்து மங்கலாக இருந்தது என்று நான் சொல்ல, இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு போனை வைத்திருந்தோம். கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது, எடுக்காவிட்டால் போகட்டும் என்று நானும் முறுக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். பத்து மணிக்கு அவருடைய மனைவி ஜைத்தூன் அக்காவின் தம்பி கூப்பிட்டார். "மச்சான் மௌத் ஆயிட்டாரு மேடம். சுபுஹு தொழுதுட்டு டீ குடிச்சாரு. மைக் முன்னால நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டாரு" என்றார். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றும் சொன்னார்.

திருமுல்லைவாயிலிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் வழியில், எங்கள் பழைய அலுவலகத்துக்காரர்கள் நான்கு பேருக்குச் செய்தி சொன்னேன். மூன்று பேர் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எங்கே விழுந்தார்? சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் உள்ள, அறுபதைத் தாண்டிய வேறு யார் இறந்தாலும் மாரடைப்பா என்று கேட்பீர்கள். பார்வை இல்லாத மனிதர் என்றால் மட்டும் பள்ளம், படிக்கட்டு, பஸ் சக்கரம் என்று புத்தி ஓடுகிறது. முப்பது வருஷம் பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூருக்குத் தனியாகப் பஸ் ஏறி வேலைக்குப் போய்வந்தவர் அவர். எங்கேயும் விழவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது, ஆகவே எழுதிவைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் ஒரு சமூக சேவைச் சங்கத்தார் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு பேனர்: "விழியிழந்தும் வழிகாட்டியவர்." எதுகை கிடைத்துவிட்டது, அது போதும் அவர்களுக்கு. இருந்ததைத்தானே இழக்க முடியும்? பிறந்ததிலிருந்தே அவருக்குப் பார்வை கிடையாது. ஒருவர் அவரை உடற்குறையை வென்ற உத்தமர் என்றார். இன்னொருவர், அவர் முகத்தில் எப்போதும் தவழ்ந்த சாந்தத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். சாந்தமாம், காதர் பாய்க்கு. மூன்றாமவர், மனிதர்களை உயிரோடு இருக்கும்போதே கௌரவிக்க வேண்டும், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கு மட்டும் பாய் வாய்விட்டுச் சிரித்திருப்பார். அவர் உண்மையில் என்ன செய்தார் என்று ஒன்றரை மணி நேரத்தில் ஒருவரும் சொல்லவில்லை. எஃப்.எம். நடத்தினார் என்றார் ஒருவர். ஏதோ சேனல் என்றார் இன்னொருவர்.

அவர் செய்தது இது. தன் வீட்டுக் கணினியில் ஒலிபரப்புக்கான சர்வர் மென்பொருளை நிறுவினார். மைக்கில் பேசுவதை அந்தக் கணினி வாங்கிக்கொள்ளும். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை யார் தங்கள் போனில் அந்த முகவரியைத் திறந்தாலும், அந்த நேரத்தில் பேசப்படுவது அவர்களுக்குக் கேட்கும். ஏறக்குறைய நாற்பது பேர், பெரும்பாலும் பார்வை இல்லாதவர்கள், தினமும் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புமுன் அதைக் கேட்டார்கள். பெயர் "லைன்". அவ்வளவுதான். விருது வாங்குகிற விஷயம் இல்லை. ஆனால் அதைக் கேட்காமல் கிளம்பினால் சிலர் அன்றைக்குத் தப்பான இடத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

"லைன்" என்ற பெயர் எங்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இயந்திர உதிரிபாகம் செய்யும் கம்பெனி. நான் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தேன், அவர் டெலிபோன் ஆபரேட்டர். "லைன்ல இருங்க" என்ற இரண்டு வார்த்தையை அவர் லட்சம் தடவை சொல்லியிருப்பார். ஒருமுறை மேனேஜர், ஊரில் இல்லை என்று சொல்லிவிடு என்று அவரிடம் சொன்னார். பாய் லைனில் இருந்தவரிடம், "சார் உள்ளதான் கீறாரு, உங்க கிட்ட பேசறதுக்கு இஷ்டப்படல. லைன்ல இருக்கீங்களா, வைக்கிறீங்களா?" என்று கேட்டார். மேனேஜர் கொதித்துப்போய் வந்தபோது, பொய் சொல்வதற்குத் தனி ஆள் போட்டுக்கொள்ளும்படி சொன்னார். உங்கள் சாந்த சொரூபி அவர்தான்.

பிறகு தானாகவே லைன் கொடுக்கும் இயந்திரம் வந்தது. ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று ஒரு பெண் குரல். மாடிப்படிக்குப் பக்கத்தில் பாய்க்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பாவம், அவர் எங்கே போவார், உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்றார் மேனேஜர். அதைக் கருணை என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாவது வாரம் பாய் மேனேஜர் அறைக்குள் போனார். "நான் கண்ணு தெரியாதவன் சார், வேல தெரியாதவன் இல்ல. சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு எங்க ஊட்லயே நாற்காலி கீது" என்று சொல்லி ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு வந்தார். போகும்போது எங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. எங்கள் மேலும் அவருக்குக் கோபம் என்பது எனக்கு நாலைந்து மாதம் கழித்துத்தான் புரிந்தது.

ஓராண்டு கழித்து ஒரு நாள் திடீரென்று போன் செய்தார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. டிரங்க் ரோட்டில் வேலை நடப்பதால் பஸ் நிறுத்தத்தை மாற்றிவிட்டார்களாம். அது தெரியாமல் பழைய இடத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார். அதுகூட அவருக்கு எரிச்சல் இல்லை. மாற்றம் பற்றிய அறிவிப்பு இரண்டு நாள் முன்னாலேயே அவர் போனுக்கு வந்திருந்தது, அதுதான் எரிச்சல். அவர் போனில் எழுத்தைப் படித்துச் சொல்லும் குரல் ஒன்று உண்டு. எழுத்து என்றால் மடமடவென்று படித்துவிடும். எழுத்தைப் படம் பிடித்து அனுப்பினால் "படம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நின்றுவிடும். "படம்னு சொல்லுச்சு மேடம். படத்துல இன்னா கீதுன்னு சொல்லல" என்றார்.

யோசித்துப் பாருங்கள். மின்தடை, தண்ணீர் லாரி வரும் நேரம், பஸ் தடம் மாற்றம், முகாம், பள்ளிக்கூட விடுமுறை, எல்லாம் இன்று படமாகத்தான் சுற்றுகின்றன. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவி இருக்கிறதே என்று சிலர் எனக்குப் பாடம் எடுக்க வந்தார்கள். கையால் எழுதிக் கம்பத்தில் ஒட்டிய காகிதத்தை, கோணல்மாணலாக, நிழல் விழும்படி படம் பிடித்து, மேலே ஒரு ரோஜாப்பூவையும் ஒட்டி அனுப்புகிறீர்களே, அதை எந்தக் கருவி படிக்கும்? ஒரு வரியாகத் தட்டி அனுப்பினால் அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷம் நம் யாருக்கும் இல்லை. கூட்டம் போட ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.

நான் படித்துக் குரல் பதிவாக உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேனே என்றேன். அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. குழுவில் காலை வணக்கமும் பாட்டும் பிறந்தநாள் வாழ்த்துமாக நூறு வந்து விழும், அதற்குள் கையை விட்டுத் தேட வேண்டும் என்றார். "குழாயத் திறந்தா தண்ணி வரணும் மேடம். குடத்துக்குள்ள கைய வுட்டு மோதிரம் தேடற கத வேணாம்" என்றார். ஒரு லைன் உள்ளே வர வேண்டும், நாற்பது லைன் வெளியே போக வேண்டும், எங்கள் கம்பெனி டெலிபோன் போர்டு மாதிரியே. அதற்கென்று ஒரு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, விசாரித்துவிட்டேன் என்றார்.

வானகரத்திலிருந்து கணினி பழுதுபார்க்கும் ஒருவர் வந்து, பார்க்க அழகான ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். முழுக்கப் படமும் பொத்தானுமாக இருந்தது. கணினியில் படித்துச் சொல்லும் குரலோ "பட்டன், பட்டன், பட்டன்" என்று புலம்பிக்கொண்டிருந்தது. பாய் அன்றைக்கே அதைத் துடைத்துப் போட்டார். தேடித்தேடி அவர் எடுத்த மென்பொருளுக்கு முகமே கிடையாது. அதற்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு எழுத்துக் கோப்பில் எழுதிவைத்தால் அது படித்துக்கொண்டு ஓடும். எத்தனை பேர் கேட்கலாம், எந்த வாசல் வழியாக வரலாம், கடவுச்சொல் என்ன என்று எல்லாமே எழுத்து. கண் உள்ளவர்கள் அதைப் பார்த்ததும் பயந்து ஓடுவார்கள். பாய் மட்டும் குதூகலமாகிவிட்டார். "படமே இல்லாத வேல. எனக்குன்னே செஞ்சு வெச்சிருக்கான்" என்றார்.

அந்த வாரம்தான் முதல்முறையாக அவர் வீட்டுக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து, முதல் மாடி. மேஜையில் கணினிப் பெட்டி, விசைப்பலகை, மைக், இரண்டு ஸ்பீக்கர். திரை எங்கே என்று கேட்டேன். "எதுக்கு?" என்று கேட்டார். எனக்கு அசடு வழிந்தது. கோப்பில் ஒரு அடைப்புக்குறி விடுபட்டிருந்ததால் மென்பொருள் கிளம்ப மறுத்தது. இருநூறு வரியையும் குறி குறியாகக் காதால் கேட்டு, ஒன்றரை நாளில் அவரே அதைப் பிடித்தார். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து ஜைத்தூன் அக்கா கொடுத்த சமோசாவைத் தின்றேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என்னைக் காட்டி, இவர்தான் அவருக்கு எல்லாம் அமைத்துக் கொடுத்தார் என்று கூட்டத்தில் ஒரு புண்ணியவான் பேசினார். கண் உள்ளவர் யாரோ பின்னால் இருந்திருக்க வேண்டும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

மென்பொருள் ஓடியது. வீட்டுக்குள் ஜைத்தூன் அக்காவின் போனில் அருமையாகக் கேட்டது. வாசலைத் தாண்டினால் ஒன்றும் கேட்கவில்லை. இணைய இணைப்பு கொடுத்த ஆள் மூன்று நாள் இழுத்தடித்து வந்தார். "உங்க ஊட்ல கேக்குதில்ல பாய், அப்புறம் இன்னா பிராப்ளம்? வெளிய எவன் கேக்கப்போறான்?" என்றார். பாய் பொறுமையாக விளக்கினார். இந்த லைனுக்குத் தனி முகவரி கிடையாது, தெருவுக்கே ஒரே முகவரிதான், அதனால் வெளியிலிருந்து வருபவனுக்கு எந்த வீடு என்று தெரியாது, எனக்குத் தனி முகவரி வேண்டும். அந்த ஆள் என் பக்கம் திரும்பி, "அவருக்கு இன்னா வேணுமாம்?" என்று என்னிடம் கேட்டார். எதிரில் உட்கார்ந்து மணிமணியாகப் பேசுகிற மனிதரை விட்டுவிட்டு என்னிடம். அன்றைக்கு நான் பார்த்த கோபத்தை மறக்க முடியாது. பாய் குரலை உயர்த்தவே இல்லை. "தம்பி, வாய் இந்தப் பக்கம் கீது" என்றார். மறுநாள் தனி முகவரி வந்தது.

நான் தினமும் காலை ஆறரைக்கு வீட்டிலிருந்து போனில் கூப்பிட வேண்டும், வந்த படங்களைப் படிக்க வேண்டும், அவர் அதை அப்படியே ஒலிபரப்புக்குள் விடுவார் என்று ஏற்பாடு. முதல் நாள் படத்தில் ஒரு அம்புக்குறி இருந்தது. "இங்கிருந்து இந்தப் பக்கமாகப் போய், அந்த ஓரத்தில்" என்று சொல்லிக்கொண்டே போனேன். வீட்டில் தனியாக நின்று கையை வேறு நீட்டியிருக்கிறேன். பாய் குறுக்கிட்டார். "பள்ளிக்கூடத்துல சுட்டெழுத்துன்னு சொல்லிக் குடுத்தாங்களே, ஞாபகம் கீதா மேடம்? அ, இ. ரெண்டும் விரல் நீட்டற எழுத்து. இங்க விரலுக்கு வேல இல்ல. எந்தக் கை பக்கம், எத்தினி அடி, இன்னா சத்தம், அத சொல்லுங்க." நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது இந்தத் திட்டு. எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரிந்துகொண்டு நாளைக்கு வாருங்கள் என்றார். அன்று மாலை அந்த நிறுத்தத்துக்கே போய் நடந்து பார்த்தேன். பஸ் நிலையத்து வாசலிலிருந்து இடது கைப் பக்கம் எழுபது அடி, பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தம் கேட்கும், அதைத் தாண்டிப் பன்னிரண்டு அடி என்று மறுநாள் சொன்னேன். நன்றி எல்லாம் கிடையாது. அடுத்த படம் என்றார்.

எங்களுக்குள் பெரிய சண்டை ஒன்று உண்டு. ஒருமுறை இலவசக் கண் பரிசோதனை முகாம் அறிவிப்பு வந்தது. இதைப் போய் இவர்களிடம் படிப்பதா, மனசு கஷ்டப்படுமே என்று நாசூக்காக விட்டுவிட்டேன். எப்படியோ அவருக்குத் தெரிந்துபோயிற்று. "எங்க ஊட்டம்மாவுக்குக் கண்ணாடி மாத்தணும். நம்ம லைன் கேக்கற ஆவடி ஜோதியோட புள்ளைக்குக் கண்ணு கீது, அவனுக்குப் போர்டு தெரியல. எனக்கு எது வேணும் எது வேணாம்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. வர்றத பூரா படிங்க" என்றார். நல்லது நினைத்தவளுக்கு இந்தப் பேச்சா என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து நாள் கூப்பிடவில்லை. பதினோராம் நாள் அவரே கூப்பிட்டார். மன்னிப்பு கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "மேடம், இங்க பத்தொம்போது படம் சேந்துபோச்சு" என்றார். படித்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், மாடிப்படிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்ட மேனேஜரும் நல்லதுதான் நினைத்தார்.

அவர் தப்பே செய்யாதவர் என்று சொல்ல வரவில்லை. மென்பொருளோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் அப்படியே விட்டிருந்தார். ஒரு நாள் காலை எந்த ஊர்க்காரனோ உள்ளே புகுந்து அரை மணி நேரம் டமடமவென்று பாட்டுப் போட்டுவிட்டான். பாய் அவனை வெளியேற்றிவிட்டு மைக்கில் சொன்னார்: "தப்பு என்னுது. பூட்டு போட்டேன், சாவிய பூட்டுலயே வுட்டுட்டேன்." காரணம் கற்பிக்கவில்லை, யார் மேலும் பழி போடவில்லை. தப்பு செய்த பெரிய மனிதர்கள் மைக்கில் இப்படிப் பேசி நான் வேறெங்கும் கேட்டதில்லை.

போன வருஷம் அந்தச் சங்கத்தார் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். இரண்டு பேர் இரண்டு கையையும் பிடித்து, ஏதோ பீரோவைத் தூக்குவதுபோல் மேடைக்குக் கொண்டுபோனார்கள். படிக்கட்டு எத்தனை என்று சொல்லுங்கள், நானே ஏறுகிறேன் என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பேசச் சொன்னபோது ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். உங்கள் சங்க அறிவிப்புகளைப் படமாக அனுப்பாதீர்கள், எழுத்தாக அனுப்புங்கள். பலத்த கைதட்டல். அடுத்த வாரம் அந்தச் சங்கத்தின் நன்றிக் கடிதம் அவர் போனுக்கு வந்தது. குரல் "படம்" என்று சொல்லி நின்றது.

பேச்சு நின்றுபோனால் தானாகவே வேறொரு பதிவை ஒலிக்கவிடும் வசதி அந்த மென்பொருளில் இருந்தது. பாய் அதற்குத் தன் குரலையே பதிந்துவைத்திருந்தார்: "லைன்ல இருங்க. வந்துடறேன்." அவர் போன அன்று காலை ஆறரையிலிருந்து அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பதினோரு மணிக்கு, துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காற்று வர வேண்டுமென்று மின்விசிறியைச் செருகுவதற்காக யாரோ கணினியின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஆவடியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருக்கும் ஜோதி, பார்வை இல்லாதவர், நாலரை மணி நேரம் லைனில் இருந்தாராம். கோபித்துக்கொண்டு நான் வேலையைப் பார்க்கப் போனேன் என்று மேலே எழுதினேன் அல்லவா. அந்த நேரமெல்லாம் இந்தப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டம் முடிந்த மறுநாள் அதே ஜோதி என்னைக் கூப்பிட்டார். ஆவடியில் அவருடைய பஸ் நிறுத்தத்தை மாற்றிவிட்டார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் தப்பான இடத்தில் நின்றிருக்கிறார். அழவில்லை. "பெரிய மீட்டிங் போட்டீங்களாமே மேடம். எல்லாரும் நல்லா பேசினீங்களாம். ஸ்டாப்ப மாத்தினத யாரு சொல்லுவா?" என்று கேட்டார். அந்த அறிவிப்பின் படம் ஞாயிற்றுக்கிழமையே என் போனுக்கு வந்திருந்தது. கூட்டத்தில் உட்கார்ந்து புகழுரை கேட்டுக்கொண்டிருந்த நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று மாலையே ஜைத்தூன் அக்காவின் தம்பி தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். சங்கத்தார் வியாழக்கிழமை வண்டியோடு வந்து கணினியை எடுத்துப்போகப் போகிறார்களாம். அவர்கள் மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மாலை போட்டு, நினைவுச் சின்னமாக வைக்கப்போகிறார்களாம். பெரிய மனிதர்கள் கேட்கிறார்களே என்று இவரும் தலையாட்டிவிட்டார். அக்கா, கணவர் இறந்த பிறகு இருக்கும் இத்தாவில் இருக்கிறார். நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார், வெளியே போகமாட்டார். அந்த நேரம் பார்த்துக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். உங்களுக்கு என்னக்கா விருப்பம் என்று அக்காவிடம் கேட்டேன். "அவுரு சும்மா குந்த வெச்சத்துக்கே வேலய வுட்டவரு. அவரு மெஷினக் குந்த வெக்கப் பாக்கறாங்களே" என்றார்.

புதன்கிழமை காலை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நாற்காலியில் உட்கார மனசு வரவில்லை. பிளக்கைச் செருகினேன். கணினி உயிர் பெற்றது, குரல் பேசத் தொடங்கியது. அவர் பழக்கப்படுத்தி வைத்திருந்த வேகத்தில் அது பேசியதில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. முருங்கைக்கீரையை உருவுவதுபோல் சரசரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய, பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை. ஜோதியைக் கூப்பிட்டுப் போனை ஸ்பீக்கர் அருகில் பிடித்தேன். அந்த வேகம் அவருக்கு நிதானமான பேச்சு. ஆவடியில் உட்கார்ந்தபடி, மேல் அம்பை மூன்று தடவை அழுத்துங்கள், இப்போது என்டர், இல்லை அது வேறு கோப்பு, திரும்பி வாருங்கள் என்று எனக்கு வழி சொன்னார். இரண்டு இடத்தில் தப்பாக அழுத்தி வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாற்பது நிமிஷத்தில் லைன் திறந்தது. ஆவடி நிறுத்தம் எங்கே போயிருக்கிறது என்று முதலில் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று ஜோதி கணினிக் குரலைக் கேட்டுச் சொன்ன பிறகு, நான் படித்துக்கொண்டிருக்கும்போதே சங்கச் செயலாளர் இரண்டு பேரோடு வந்துவிட்டார். அக்கா உள் அறையில் திரைக்குப் பின்னால் இருந்தார். செயலாளர் மரியாதையான மனிதர்தான். "வீட்ல கெடந்து தூசி பிடிக்கறதுக்கு எங்க ஹால்ல இருந்தா வர்றவங்களுக்கு ஒரு இன்ஸ்பிரேஷன் மேடம். பக்கத்துல ஒரு மானிட்டர் மட்டும் நாங்களே வாங்கி வெச்சுடறோம். இல்லன்னா கம்ப்யூட்டர் மாதிரியே தெரியல பாருங்க" என்றார். உள்ளிருந்து அக்கா, "அது ஓடிக்கினு கீது தம்பி. ஓடறத எப்படிக் கண்ணாடிக்குள்ள வெப்பீங்க?" என்று கேட்டார். செயலாளர் சங்கடத்தோடு சிரித்து, எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டதாகவும், பேனர்கூட அடித்துவிட்டதாகவும் என்னிடம் சொன்னார்.

நான் மைக்கை அவர் பக்கம் நகர்த்தினேன். "இப்ப இதுல முப்பத்தொரு பேர் கேட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க பேசினது எல்லாமே அவங்களுக்குக் கேட்டிருக்கும். பிளக் மேசைக்குக் கீழே, உங்க வலது கைப் பக்கம் இருக்கு. பிடுங்கறதா இருந்தா, எதுக்காகப் பிடுங்கறோம்னு அவங்ககிட்ட சொல்லிட்டுப் பிடுங்குங்க" என்றேன். அவர் மைக்கைப் பார்த்தார், கூட வந்தவர்களைப் பார்த்தார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு இறங்கிப்போனார். வண்டி காலியாகத் திரும்பியது. நான் விட்ட இடத்திலிருந்து படித்தேன்.

மறுநாள் அதே செயலாளர் போன் செய்தார். நினைவு மலர் ஒன்று போடுகிறார்களாம். தன்னம்பிக்கை பற்றி, காதர் பாயின் சாந்த குணம் பற்றி ஒரு பக்கம் எழுதித்தர முடியுமா என்று கேட்டார். எழுதியிருக்கிறேன், இதுதான் அது. ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. சாந்தம் என்ற ஒன்றை நான் அவரிடம் பார்த்ததில்லை. நான் பார்த்தது கோபம்தான். தன்னை நாற்காலியில் உட்காரவைத்தவர்கள் மேல், தன்னை விட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசியவர்கள் மேல், நல்லெண்ணத்தில் பாதியை மறைத்த என் மேல் வந்த கோபம். அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் மலரில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்ப வேண்டாம். எழுத்தாகவே அனுப்புங்கள், அவரைத் தெரிந்தவர்கள் படிக்க வேண்டும்.